யாருடைய சாண்?

வவுணதீவு
03.02.2025, திங்கள்

அன்புத் தங்கச்சி வதனிக்கு,

நீயும் திவாகரன் தம்பியும் கொழும்புப் புகைக்குள்ளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மகள் யதுசிகாவுக்கு முழங்காலில் ஓர் உரசல். அதை நான் நோயில் சேர்க்கவில்லை.

கையில் போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். இது என் முன்பள்ளிப் பிள்ளைகளின் வேலை. மழை விட்டு வெயில் வந்துவிட்டது. இனி அதுகளை நாலு சுவருக்குள் அடைத்து வைப்பது பாவம். சித்திரை வரை வெளியில்தான் பாடம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். அதில் ஒன்று தபால். இரண்டு கிழமைக்கு ஒரு திங்களில் பதினாறு பேரும் வரிசையாகத் தபால் கந்தோருக்குப் போய், ஒரு கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்போம். நாலு வயதில் காத்திருக்கப் பழகுவது பெரிய படிப்பு. அதனால் நீ பதில் எழுதியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத் தனியாக ஒரு தாளும் வை. கடித விஷயத்தைப் போனில் பேசக் கூடாது. பேசினால் விளையாட்டுக் கெட்டுவிடும்.

போன கிழமை சாண் அளந்தோம். கையை விரித்து வைத்து, வகுப்பில் தாங்கள் குந்தியிருக்கும் நீள வாங்கை ஒவ்வொருவராக அளந்தார்கள். நிலோஜனுக்குப் பதினாலு சாண், யதுவுக்குப் பதினாறு. அடிபடாத குறை. "பெரியம்மா, வாங்கு எனக்கு மட்டும் நீளுதா?" என்று கேட்டாள் உன் மகள். இரண்டு பேரின் கையையும் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "அப்ப என்ட கைதான் சின்னன்" என்றாள். பிறகு என் கையை இழுத்துக்கொண்டு போய் அளந்தாள். பத்தே பத்துச் சாண். அன்று முழுக்க என் கையை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா,
கேதீஸ்வரி


தெஹிவளை
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் இருவருக்கும் சுகம். இவருக்குத் தடிமனும் மூக்கடைப்பும் விட்டுவிட்டது, குறட்டை விடவில்லை. முத்திரை வாங்க எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தபால் கந்தோருக்குப் போனேன். வரிசையில் நின்றவர்களில் இளையவள் நான்தான். பிள்ளைகளுக்கான தாளில் கொழும்பு ரயிலைக் கீறி வைத்திருக்கிறேன். அது ரயில் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. ஒற்றை அறையை விட்டாயிற்று. இரண்டு அறையும் ஒரு பல்கனியும் உள்ள வீடு கிடைத்திருக்கிறது. யதுவை இரண்டு வயதில் உங்களிடம் விட்டபோது, ஒரு வீடு கிடைத்ததும் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா? சித்திரை வருடப்பிறப்புக்கு வந்து அவளைக் கூட்டிவர நினைக்கிறோம். பக்கத்தில் ஒரு நேர்சறியில் இடம் உண்டு. ஆனால் அங்கே பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். தன் பெயரைத் தமிழிலும் இங்கிலீசிலும் எழுத வேண்டும், ஐம்பது வரை எண் எழுத வேண்டும். கொப்பி ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். தினமும் அரை மணித்தியாலம் இருத்தி எழுதப் பழக்குவீர்களா?

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அக்கா? மனதில் உள்ளதை எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
வதனி


வவுணதீவு
17.02.2025

அன்புள்ள வதனி,

குறட்டைக்கு நான் மருந்து சொல்ல மாட்டேன். அது குடும்ப விஷயம். இங்கே எல்லாருக்கும் சுகம்.

உன் கடிதத்தைத் தபால்காரர் நல்லரத்தினம் கொண்டு வந்த நாளைப் பார்த்திருக்க வேண்டும். பதினாறு பேரும் வாசல் படலையில் நின்று கை தட்டினார்கள். அந்த மனிசன் இருபது வருடமாகக் கடிதம் கொடுக்கிறார், யாரும் கை தட்டியதில்லையாம். "இன்னொரு கடிதம் இருந்தா நாளைக்கும் வாறன் டீச்சர்" என்று சொல்லிப் போனார். நீ கீறிய ரயிலை எல்லாரும் புழு என்றார்கள். யது மட்டும் ரயில் என்றாள். தாய் மேல் பாசம்.

வெள்ளிக்கிழமை வாவிக்கரைக்குப் போய்க் களிமண் எடுத்து வந்தோம். பிசைந்து, உருட்டி, திரித்து, கிள்ளி... பெனிசில் பிடிக்கிற விரலுக்கு முதலில் பலம் வர வேண்டும் வதனி, எழுத்து அதன் பின்னால் தானே வரும். இதைத் தாய்மாருக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிப்போகிறது. வயல் வட்டையில் மெசின் இறங்கி அறுவடை நடக்கிறது. வைக்கல் கும்பியில் ஏறிச் சறுக்கினார்கள். வீட்டுக்குப் போனபோது ஒவ்வொன்றும் சொறிந்துகொண்டே போனது, நாலு தாய்மார் முறைப்பாட்டோடு வந்தார்கள்.

மிகப் பெரிய வேலை, நெல் விதைத்தது. ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை. பெயர் எழுதத் தெரியாதபடியால் சிரட்டையில் அடையாளம் ஒட்டினோம். நிலோஜனுக்குச் சிப்பி, யதுவுக்குச் சிவப்புப் பொத்தான். மண் போட்டு, நெல் தூவி, தண்ணீர் தெளித்து, பதினாறு பேரும் குந்தியிருந்து இப்போதே முளைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொப்பி கிடைத்தது. நல்ல தடித்த தாள். வேப்பிலையும் மாவிலையும் அதற்குள் வைத்து அமத்தியிருக்கிறோம், அழகாகக் காய்கிறது.

உன் மற்ற விஷயமும் வாசித்தேன். புது வீட்டில் தண்ணீர் வசதி எப்படி?

அன்புடன்,
அக்கா


தெஹிவளை
23.02.2025

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறோம். தண்ணீர் இருபத்திநாலு மணித்தியாலமும் வருகிறது. மின்சாரமும் வருகிறது. வீட்டுக்காரம்மா நல்லவர். வேறு எதைப் பற்றிக் கேட்க இருக்கிறீர்கள் என்று யோசித்து எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பதில் எழுதிவிட்டேன். இனியாவது என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சித்திரையில் யதுவைக் கூட்டிவரட்டுமா?

இவர் சொல்கிறார், "உங்கட அக்கா எதுக்குப் பதில் சொல்லல்லயோ அதுதான் அவவுக்குப் பெரிய விசயம்" என்று. இவர் அதிகம் பேசாதவர். பேசினால் இப்படித்தான் எரிச்சலூட்டுவார்.

கொப்பியில் இலை அமத்துகிறீர்களா? தலையில் அடித்துக்கொண்டேன். எழுத்தும் கொஞ்சம் பழக்குங்கள் அக்கா, அங்கே பேட்டியில் இலையைக் கேட்க மாட்டார்கள்.

நெல் முளைத்ததா? சிவப்புப் பொத்தான் சிரட்டையில் எத்தனை முளை என்று எண்ணி எழுதுங்கள். சிவராத்திரிக்கு முழித்திருந்து உடம்பைக் கெடுக்க வேண்டாம்.

வதனி


வவுணதீவு
03.03.2025

அன்புள்ள வதனி,

சுகமே. சிவராத்திரிக்கு முழித்திருந்தேன், உடம்பு கெடவில்லை.

வேலை கூட, அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன். அறுத்த வட்டையில் கொக்கு வந்து இறங்கியிருக்கிறது. தினமும் காலையில் வரம்பில் நின்று எண்ணுகிறோம். ஒரு கொக்குக்கு ஒரு புளியங்கொட்டை. கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினால் பத்தைத் தாண்டியும் பிழை வருவதில்லை. யது இருபத்தேழு வரை போகிறாள். எழுதச் சொன்னால் ஓடிவிடுவாள், அது வேறு.

சிரட்டைகளுக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறோம். ஈரம் நன்றாக இருக்கிறது. இந்த முறை அணில் தொல்லை அதிகம்.

கவனமாக இரு.

அக்கா


தெஹிவளை
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்குச் சுகம். உங்களுக்கும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் அரைப் பக்கம், அதிலும் பாதி கொக்கு.

நேற்று வீடியோவில் யது சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. நான் சித்திரைக்கு வாறன் என்றேன். அவள் பெரிய மனுஷி மாதிரிக் கையை விரித்துக் காட்டி, "ஏலா அம்மா. நெல்லு இன்னும் வரல்ல. நெல்லு வந்தாத்தான் நீங்க வருவீங்க" என்றாள். நான் ஏன் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டு ஓடிவிட்டாள். நீங்களும் அடுப்பில் சோறு என்று குசினிக்குள் போய்விட்டீர்கள்.

நெல்லுக்கும் நான் வருவதற்கும் என்ன சம்பந்தம்? அவள் முகம் சோர்ந்துபோய் இருந்தது அக்கா.

வதனி


தெஹிவளை
20.03.2025

அக்கா,

திங்கட்கிழமை வந்து போய்விட்டது, உங்கள் கடிதம் வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போகவில்லையா? உடம்புக்கு ஏதுமா? போனில் கேட்டால் "ஒண்டுமில்ல கா" என்கிறீர்கள். ஒன்றுமில்லாதவர்கள் இப்படிச் சொல்வதில்லை.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். வெறும் தாளை அனுப்பினாலும் வாசிப்பேன்.

உங்கள்,
வதனி


வவுணதீவு
24.03.2025

என் அன்பு வதனி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெட்கம், அவ்வளவுதான். போன திங்கள் கடிதம் போடும் நாள். நான் எழுதவில்லை. பிள்ளைகள் வரிசையாக நின்றபோது, இன்றைக்கு முத்திரை இல்லை என்று பொய் சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், நீயும் சிரிக்காமல் வாசி.

சிரட்டையில் ஒரு நெல்லும் முளைக்கவில்லை. நாலு கிழமை தண்ணீர் ஊற்றினோம். மண்ணிலிருந்து புளித்த மணம் வந்தது. தாய்மார் கேட்டபோது அணில் மேல் பழியைப் போட்டேன். யது தினமும் சிரட்டைக்கு மேலே குனிந்து, "நெல்லு நித்திரையா பெரியம்மா?" என்று கேட்பாள். ஓம் என்பேன்.

போன பதினாலாம் திகதி நிலோஜனின் தகப்பன் அழகரத்தினம் வந்தார். எங்கள் முன்பள்ளிச் சங்கத்தின் தலைவர், பதினெட்டு ஏக்கர் வயல் செய்கிற மனிசன். சிரட்டைகளைப் பார்த்தார். மிச்ச நெல் கிடந்த டின்னுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். பிறகு சிரித்தார் பார், வரம்பில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. "டீச்சர், இது விதைக்கிற நெல்லில்ல கா! இத உரலில போட்டுக் குத்தி உலையில போடுங்க!" என்றார்.

அவித்த நெல். நான் பதினாறு பிள்ளைகளுக்கும் அவித்த நெல்லை விதைக்கக் கொடுத்திருக்கிறேன். வேளாண்மைக்காரன் மகள். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறது. கடைக்குப் போனால், "டீச்சர், முட்டையையும் அவிச்சு அடைக்கு வைக்கிறயளா?" என்கிறார்கள். சிரிக்கட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை.

மற்றதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ கூட்டிப் போவதாக எழுதிய கடிதம் வந்த அன்று யது, "அம்மா எப்ப வருவா?" என்று கேட்டாள். நாலு வயதுப் பிள்ளைக்குக் கலண்டர் விளங்காது. "நாம விதைக்கப் போற நெல்லு ஒரு சாண் வளந்தா அம்மா வருவா" என்றேன். "ஆர்ட சாண்?" என்று கேட்டாள். வாங்கு அளந்தவள் அல்லவா. "என்ட சாண்" என்றேன். என் சாண் பெரியது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் வதனி.

அடுத்த நாள் காலை வீட்டில் நெல் எடுக்கப் போனேன். விதைநெல் மூட்டை அறைக்குள் இருந்தது. வாசலில் படங்கு விரித்து அவித்த நெல் காய்ந்தது. நான் வாசலில் குனிந்து அள்ளினேன். அவசரம் என்று சொல்லலாம். ஆனால் அவித்த நெல்லின் மணம் இந்த ஊரில் பிறந்த எந்த மூக்குக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தடிமனும் இல்லை. என் கை தெரிந்து அள்ளியதா, தெரியாமல் அள்ளியதா என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

பிள்ளைக்கு உன் மேல் இருந்த நம்பிக்கையைச் சிரட்டைக்குள் போட்டு நாலு கிழமை அழுக வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

பதினேழாம் திகதி திரும்ப விதைத்தோம். அழகரத்தினம் தன் விதைநெல்லையே தந்தார். இரண்டு இரவு சாக்கில் ஊறவைத்து, முளை கண்ட பிறகு போட்டோம். அவித்த நெல்லையும் பக்கத்தில் ஒரு சிரட்டையில் போட்டு, எது முளைக்கும் எது முளைக்காது என்று பிள்ளைகளையே பார்க்க வைத்தேன். பிழை விட்டாலும் பாடம் பாடம்தான். இன்றைக்கு ஒரு விரல் உயரம் வந்திருக்கிறது. சிவப்புப் பொத்தானில் பதினொரு முளை.

சித்திரைக்கு வா. கூட்டிப் போ. இதுதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில்.

அக்கா


தெஹிவளை
30.03.2025

அன்புள்ள அக்கா,

சுகம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் சிரித்தேன், நீங்கள் சொல்லியும். முட்டை இடத்தில் இவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டாம் தரம் கோபம் வந்தது. இரண்டு நாள் கோபமாக இருந்து பார்த்தேன், முடியவில்லை.

ஏன் என்றால் நானும் அவித்த நெல்தான் விதைத்தேன். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? லீவு கிடைத்தது அக்கா. ஐந்து நாள். தீபாவளிக்கு வந்தபோது நான் கையை நீட்ட, யது உங்கள் சீலைக்குப் பின்னால் ஒளிந்தாள். நினைவிருக்கும். "வெட்கம்" என்று நீங்கள் சமாளித்தீர்கள். அவள் திரும்பவும் ஒளிவாள் என்ற பயத்தில்தான் பொங்கலுக்கு வரவில்லை. ஐந்து நாளும் அந்தப் பழைய ஒற்றை அறையில் இருந்து உடுப்புத் தோய்த்தேன். கொப்பி, ஐம்பது வரை எண் எல்லாம் கூட அதற்காகத்தான். கொழும்புக்கு அவள் எல்லாவற்றோடும் தயாராக வந்துவிட்டால் என்னோடும் தயாராக இருப்பாள் என்று நினைத்தேன்.

அவள் நான் வருவதற்காகச் சிரட்டைக்கு மேலே குனிந்து பார்த்திருக்கிறாள். நாலு கிழமை. இதை நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதைவிடப் பெரிய செய்தி இந்த வருடம் வரவில்லை.

இனி எழுத்துப் பழக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றுங்கள்.

வதனி


வவுணதீவு
07.04.2025

அன்புள்ள வதனி,

எல்லாருக்கும் சுகம், நெல்லுக்கும் சுகம். என் சாணுக்கு இன்னும் இரண்டு விரல் குறைவு. அழகரத்தினம் வந்து பார்த்துவிட்டு, "வட்டையில கூட இப்பிடிப் பசளை போட்டதில்ல" என்கிறார். யாரோ சிவப்புப் பொத்தான் சிரட்டைக்குக் கள்ளமாக உரம் போடுவதாக ஊரில் கதை. யார் என்று எனக்குத் தெரியாது.

முன்பள்ளி மாமரத்தில் ஊஞ்சல் கட்டியாயிற்று. உந்தி ஆடுவதும், தன் முறை வரும்வரை நிற்பதும் பாடம்தான் என்று சொல்லி நானும் ஒரு முறை ஆடினேன். யது தன் உடுப்பு எல்லாவற்றையும் எடுத்து ஒரு பைக்குள் போட்டுவிட்டாள். இப்போது அன்றாடம் போட உடுப்பில்லை, பைக்குள் இருந்துதான் எடுக்கிறோம்.

பஸ்சில் ஜன்னல் பக்கம் இருந்து வா.

அக்கா


தெஹிவளை
11.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் மூவருக்கும் சுகம். மூவர் என்று எழுத இன்னும் கை பழகவில்லை. உங்களுக்கு எப்படி? வீட்டில் தனியாக ஒழுங்காகச் சமைக்கிறீர்களா, கடைப் பாணைச் சாப்பிட்டுப் பொழுதைக் கழிக்கிறீர்களா? உண்மையை எழுதுங்கள்.

வருடப்பிறப்பன்று அவள் படலையால் ஓடிவந்து என் கையைப் பிடித்திழுத்துச் சிரட்டைக்கு முன்னால் நிறுத்தி, "பாருங்க, ஒரு சாண்!" என்று சொன்னதை நினைத்து இப்போதும் பஸ்சில் இருந்து சிரிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி இருக்கிறார்கள்.

நேர்சறிப் பேட்டி முடிந்தது. பெயரை எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. அந்த மிஸ்சின் மேசையைக் கையால் அளந்து, "பன்னிரண்டு. உங்கட கையால எத்தினை?" என்று கேட்டாள். மிஸ் அளந்தார், எட்டு வந்தது. "ஏன் எனக்குக் குறைய வந்தது?" என்று மிஸ் கேட்க, உங்கள் மாணவி அவருக்கு விளங்கப்படுத்தினாள். எடுத்துக்கொண்டார்கள்.

முதல் கிழமை உங்களைக் கேட்டு அழுதாள். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இனி ஒன்றையும் மறைப்பதில்லை என்றபடியால் எழுதுகிறேன். பிறகு ஒரு நாள் அவளாகவே பெனிசில் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பிடி விதைநெல். அழகரத்தினம் மாமாவிடம் கேட்டு வாங்கி வந்தாளாம். தயிர்ச் சட்டியில் மண் நிரப்பிப் பல்கனியில் விதைத்தோம். அதற்குப் பிறகு அழவில்லை. நேற்றிலிருந்து முளை தெரிகிறது.

இது ஒரு சாண் வளர்ந்தால் பெரியம்மா வருவாவாம். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே வைத்த சட்டம். யாருடைய சாண் என்று என்னிடம் கேட்டாள். நான் என்ன சொல்லட்டும் அக்கா?

வதனி


வவுணதீவு
19.05.2025

அன்புள்ள வதனி, திவாகரன் தம்பி, என் யதுக்குட்டி,

சுகமாக இருக்கிறேன். நேற்று மட்டும்தான் பாண்.

உன் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்தேன். மேசை அளந்த இடத்தில் நிலோஜன் எழும்பி நின்று, "நான் அளந்தா பத்துத்தான் வரும்" என்றான். இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. சிவப்புப் பொத்தான் சிரட்டை இப்போது என் ஜன்னலில் இருக்கிறது. காலையில் எழும்பினால் முதலில் அதற்குத்தான் தண்ணீர். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பதினைந்து பேர் பகல் முழுக்கக் கத்துவது அதற்குச் சரியாகப் போகிறது.

நல்லரத்தினம் வெள்ளிக்கிழமைகளில் கடிதம் இல்லாவிட்டாலும் படலையடியில் மணி அடித்துவிட்டுப் போகிறார். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்.

சட்டிக்குள் எப்போதும் இரண்டு விரல் தண்ணீர் நிற்கட்டும். கொழும்புக் காகத்தைக் கவனம். என் பயணப் பையைத் தூசி தட்டிக் கதவடியில் வைத்துவிட்டேன்.

யாருடைய சாண் என்று கேட்டிருந்தாய். உன் கையால் அளக்காதே, என் கையாலும் வேண்டாம். யதுவின் கையால் அளக்கச் சொல். அது சின்னச் சாண், கெதியாய் எட்டிவிடும்.

அன்புடன்,
அக்கா